தன்னுண்ணலும் குரோன் நோயும்: ஒரு மருத்துவக் கருத்தாக்கத்தின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

குடல் அழற்சி நோய்களுள் ஒன்றான குரோன் நோய், நோயெதிர்ப்பு ஆற்றல் மிகுதியால் விளைவது என்றே இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முழுவதும் கருதப்பட்டது. உயிரணு தன் கழிவுகளைத் தானே சிதைத்து மீண்டும் பயன்படுத்திக்கொள்ளும் தன்னுண்ணல் நிகழ்வுக்கும் இந்நோய்க்கும் தொடர்பு உண்டு என்பது 2007-ஆம் ஆண்டில் வெளிவந்த மரபணு ஆய்வுகளால் தெரியவந்தது. அதுவரை ஒன்றையொன்று அறியாமல் வளர்ந்த இரு ஆய்வு மரபுகள் எவ்வாறு இணைந்தன, அவ்விணைப்பு நோய் பற்றிய கருத்தை எவ்வாறு மாற்றியது, அம்மாற்றம் மருத்துவத்தில் எந்த எல்லையில் நின்றது ஆகியவற்றை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: குரோன் நோய், தன்னுண்ணல், லைசோசோம், பனெத் உயிரணு, மரபணு மாறுபாடு, மருத்துவ வரலாறு.

முன்னுரை

உயிரணுவுக்குள் பழுதடைந்த உறுப்புகளும் தேவையற்ற புரதங்களும் ஓர் இரட்டைச் சவ்வால் சூழப்பட்டுப் பையாக்கப்படுகின்றன. அப்பை, செரிமான நொதிகளைக் கொண்ட லைசோசோமுடன் இணைகிறது. உள்ளிருப்பவை சிதைக்கப்பட்டு, அவற்றின் மூலக்கூறுகள் மீண்டும் உயிரணுவின் பயன்பாட்டிற்கு வருகின்றன. ஆட்டோஃபேஜி என வழங்கும் இந்நிகழ்வைத் தமிழில் தன்னுண்ணல் எனலாம். பட்டினிக் காலத்தில் உயிரணுவுக்கு உணவளிப்பதும், இயல்புக் காலத்தில் அதனைத் தூய்மையாக வைத்திருப்பதும், உட்புகுந்த நுண்ணுயிரிகளைச் சிறைப்படுத்தி அழிப்பதும் இதன் பணிகள்.

குடல் அழற்சி நோய் என்னும் பொதுப்பெயர் குரோன் நோய், பெருங்குடல் புண் அழற்சி என்னும் இரண்டையும் முதன்மையாகக் குறிக்கும். பெருங்குடல் புண் அழற்சி பெருங்குடலின் உட்படலத்தோடு நிற்பது. குரோன் நோயோ உணவுப் பாதையின் எப்பகுதியிலும் தோன்றக்கூடியது. குடற்சுவரின் முழுத் தடிமனையும் ஊடுருவக்கூடியது. தன்னுண்ணலோடு தெளிவாக இணைக்கப்பட்டது குரோன் நோயே ஆதலின், இக்கட்டுரை அதனையே மையமாகக் கொள்கிறது.

நோய்க்குப் பெயர் அமைந்த வரலாறு

கிளாஸ்கோ நகர அறுவை மருத்துவர் கென்னடி டால்சியல் 1913-இல் பிரித்தானிய மருத்துவ இதழில் நாள்பட்ட குடலழற்சி பற்றி ஒரு கட்டுரை எழுதினார். குடல் தடித்து விறைப்படைந்திருந்த நோயாளிகளை அதில் விவரித்தார். கால்நடைகளுக்கு வரும் யோனே நோயோடு இதற்குள்ள ஒற்றுமையை அவர் சுட்டினார். எனினும் யோனே நோய்க்குக் காரணமான நுண்ணுயிரியை மனிதத் திசுவில் காண இயலவில்லை. ஏதோ ஒரு நுண்ணுயிரியே இந்நோயின் பின்னணியில் உள்ளது என்னும் ஐயம் இங்குத் தொடங்கியது. அது இன்றுவரை முற்றிலும் மறைந்துவிடவில்லை.

நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையைச் சார்ந்த பரில் குரோன், லியோன் கின்ஸ்பர்க், கோர்டன் ஓப்பன்ஹைமர் ஆகிய மூவரும் 1932-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் 14 நோயாளிகளைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டனர். சிறுகுடலின் இறுதிப் பகுதியில் தோன்றும் இந்நோய் குடற்காசநோய் அன்று. தனித்ததொரு நோய் என அவர்கள் நிறுவினர். ஆசிரியர் பெயர்கள் அகர வரிசையில் அமைந்தமையால் குரோன் முதலிடம் பெற்றார். நோயும் அவர் பெயரைப் பெற்றது. அவர்கள் சூட்டிய பெயர் நோய் தோன்றும் இடத்தைக் குறித்ததேயன்றி அதன் காரணத்தைக் குறிக்கவில்லை.

காரணம் அறியப்படாத நிலையில் மருத்துவம் அழற்சியைத் தணிப்பதில் கருத்தைச் செலுத்தியது. ட்ரூலவ், விட்ஸ் ஆகியோர் பெருங்குடல் புண் அழற்சிக்குக் கார்ட்டிசோன் பயன்தருவதை 1955-இல் ஒப்பீட்டு ஆய்வின் வழி மெய்ப்பித்தனர். தொடர்ந்து நோயெதிர்ப்பை அடக்கும் பிற மருந்துகள் வந்தன. டிஎன்எஃப் என்னும் அழற்சிப் புரதத்தைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப் 1998-இல் அமெரிக்காவில் குரோன் நோய்க்கு ஏற்பளிக்கப்பட்டது. நோயெதிர்ப்பை அடக்கினால் நோய் தணிகிறது; ஆகவே நோயெதிர்ப்பின் மிகுதியே நோய் என்னும் முடிவு இவ்வெற்றிகளின் அடிப்படையில் வலுப்பெற்றது. மருந்தின் செயலிலிருந்து நோயின் காரணத்தை உய்த்துணரும் இம்முறையில் ஒரு குறை உண்டு. தீயை நீர் அணைக்கிறது என்பதால், நீரின்மையே தீக்குக் காரணம் என்று கொள்ள முடியாது.

உயிரணுவின் செரிமான உறுப்பு

ட்ரூலவ், விட்ஸ் ஆய்வு வெளிவந்த அதே 1955-ஆம் ஆண்டில், பெல்ஜியத்தின் லூவேன் பல்கலைக்கழகத்தில் கிறிஸ்தியான் டி டூவ் லைசோசோம் என்னும் உயிரணு உறுப்புக்குப் பெயரிட்டார். அக்கண்டுபிடிப்பு இன்சுலின் பற்றிய ஆய்வின் துணைவிளைவாகும். எலியின் கல்லீரல் சாற்றில் அமில பாஸ்பட்டேஸ் என்னும் நொதியின் செயல் புதிதாக எடுத்த சாற்றில் குறைவாகவும், சில நாள் குளிரில் வைத்த சாற்றில் மிகுதியாகவும் இருந்தது. நொதி ஒரு சவ்வுப் பைக்குள் அடைபட்டுள்ளது, பை சிதையும்போது அது வெளிப்படுகிறது என்று டி டூவ் விளக்கினார்.

செரிமான நொதிகள் ஒரு பையில் உள்ளன என்றால் அவை எதனைச் செரிக்கின்றன என்ற வினா எழுந்தது. தாமஸ் ஆஷ்ஃபோர்டு, கீத் போர்ட்டர் ஆகியோர் 1962-இல் மின்னணு நுண்ணோக்கியின் வழி இதற்கு விடை தரும் படங்களை வெளியிட்டனர். குளுக்ககான் செலுத்தப்பட்ட எலிகளின் கல்லீரல் உயிரணுக்களில், சிதையும் நிலையிலுள்ள மைட்டோகாண்ட்ரியா முதலியன சவ்வுப் பைகளுக்குள் காணப்பட்டன. உயிரணு தன் பகுதிகளையே உட்கொள்வதைக் குறிக்க, 1963-இல் இலண்டனில் நடைபெற்ற லைசோசோம் கருத்தரங்கில் டி டூவ் ஆட்டோஃபேஜி என்னும் சொல்லை ஆக்கினார். 1974-இல் ஆல்பர்ட் கிளாட், ஜார்ஜ் பலாடே ஆகியோருடன் அவர் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

பெயர் கிடைத்த பின்னும் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் இத்துறை பெரிதும் நுண்ணோக்கிப் படங்களைச் சார்ந்தே இயங்கியது. எம்மரபணுக்கள் இந்நிகழ்வை நடத்துகின்றன என்பது தெரியாமையால் அதனைத் தடுத்துப் பார்க்கவோ தூண்டிப் பார்க்கவோ உறுதியான வழி இல்லை. இவ்வகையில் பொருள் இருந்தும் கருவி இல்லாத துறையாகவே அது இருந்தது.

ஈஸ்ட் வழங்கிய கருவி

இந்நிலையை மாற்றியவர் ஜப்பானிய அறிஞர் யோஷினோரி ஓசுமி. 1988-இல் டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தம் ஆய்வுக்கூடத்தைத் தொடங்கிய அவர், ஈஸ்ட் உயிரணுவின் வாக்குவோல் என்னும் பையை ஆராய்ந்தார். அது விலங்குகளின் லைசோசோமுக்கு நிகரானது. புரதம் சிதைக்கும் நொதிகள் அற்ற ஈஸ்டைப் பட்டினியிட்டால், வாக்குவோலுக்குள் வந்துசேரும் பைகள் சிதையாமல் தேங்கி நிற்கும். அவற்றைச் சாதாரண ஒளி நுண்ணோக்கியிலேயே காணலாம் என்பது அவருடைய எண்ணம். அவ்வாறே பைகள் தேங்கின. இதுபற்றிய கட்டுரை 1992-இல் வெளிவந்தது.

பைகள் தேங்காத ஈஸ்ட் வகைகளைத் தேடினால் தன்னுண்ணலுக்கு இன்றியமையாத மரபணுக்கள் அகப்படும். ட்சுகாடா, ஓசுமி இருவரும் 1993-இல் அத்தகைய 15 மரபணுக்களைச் சுட்டினர். ஜெர்மனியில் மைக்கேல் தும், அமெரிக்காவில் டேனியல் கிளியான்ஸ்கி ஆகியோரும் தனித்தனி வழிகளில் இதே மரபணுக்களை அடைந்தனர். ஒரே மரபணு மூன்று பெயர்களால் வழங்கிய குழப்பத்தைத் தவிர்க்க, 2003-இல் ஏடிஜி என்னும் பொதுப்பெயர் ஏற்கப்பட்டது.

ஓசுமியின் குழுவைச் சேர்ந்த நொபோரு மிசுஷிமா 1998-இல் ஏடிஜி12, ஏடிஜி5 ஆகிய புரதங்கள் ஒன்றோடொன்று பிணைவதைக் காட்டினார். அப்பிணைப்போடு சேர்ந்து சவ்வுப் பை உருவாக உதவும் மூன்றாவது புரதமே ஏடிஜி16. இதன் மனித வடிவம் ஏடிஜி16எல்1 ஆகும். ஈஸ்டின் ஏடிஜி16 புரதம் 150 அமினோ அமிலங்களாலானது. மனிதப் புரதமோ 607 அமினோ அமிலங்களைக் கொண்டது. இவ்வேறுபாடு பின்னர் முக்கியத்துவம் பெறுகிறது.

குடல் நோயை நோக்கிய திருப்பத்திற்கு வேண்டிய மற்றொரு படி 2004-இல் நிகழ்ந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் பாக்டீரியாவைத் தன்னுண்ணல் பைகள் சூழ்ந்து அழிப்பதை ஜப்பானியக் குழுவொன்றும், காசநோய்க் கிருமியை அடக்குவதில் தன்னுண்ணலின் பங்கை மற்றொரு குழுவும் அவ்வாண்டில் வெளியிட்டன. தன்னுண்ணல் பட்டினிக்கான ஏற்பாடு மட்டுமன்று, தொற்றுக்கு எதிரான காவலும் ஆகும் என்பது இதனால் தெளிந்தது.

2007: இரு மரபுகளின் சந்திப்பு

குரோன் நோய் குடும்பங்களில் தொடர்வது நெடுங்காலமாக அறியப்பட்ட ஒன்று. 1996-இல் பிரெஞ்சு அறிஞர் ழான்-பியர் ஊகோவின் குழு 16-ஆம் குரோமோசோமில் நோய்க்குரிய ஒரு பகுதியைச் சுட்டியது. அப்பகுதியிலுள்ள மரபணு என்ஓடி2 என்பதை 2001-இல் அவர் குழுவும் அமெரிக்கக் குழுவொன்றும் தனித்தனியே வெளியிட்டன. என்ஓடி2 பாக்டீரியச் சுவரின் துணுக்கை உயிரணுவுக்குள் உணரும் புரதம். நோயாளிகளிடம் காணப்பட்ட மாறுபாடுகள் அவ்வுணர்வைக் குறைப்பவையாக இருந்தன. மிகுதியால் வரும் நோய் எனக் கருதப்பட்டதற்கு முதல் மரபணுச் சான்று குறைவையே காட்டியது. இம்முரண் அப்போது விடுவிக்கப்படவில்லை.

ஜெர்மனியின் கீல் நகரை மையமாகக் கொண்ட ஹாம்பே, ஷ்ரைபர் குழுவினர் புரதங்களை மாற்றக்கூடிய ஏறத்தாழ 20,000 மரபணு மாறுபாடுகளை நோயாளிகளிடமும் பிறரிடமும் ஒப்பிட்டு, 2007-இல் தம் முடிவை வெளியிட்டனர். ஏடிஜி16எல்1 புரதத்தின் 300-ஆம் இடத்தில் திரியோனினுக்குப் பதில் அலனின் அமைந்த மாறுபாடு குரோன் நோயோடு தொடர்புற்றிருந்தது. அதே ஆண்டில் ஜான் ரியூவும் உடனாய்வாளர்களும் வட அமெரிக்க நோயாளிகளிடம் இதனை உறுதிசெய்தனர். ஏடிஜி16எல்1 குறைந்த உயிரணுக்களில் சால்மோனெல்லா பாக்டீரியாவைத் தன்னுண்ணல் சூழ்வது தடைப்படுவதையும் அவர்கள் காட்டினர். பிரித்தானிய ஆய்வுகள் அவ்வாண்டிலேயே ஐஆர்ஜிஎம் என்னும் மற்றொரு மரபணுவையும் சேர்த்தன. அம்மரபணு காசநோய் வகைக் கிருமிகளைத் தன்னுண்ணல் வழி அழிக்க உதவுவது என்பது முந்தைய ஆண்டில்தான் வெளிவந்திருந்தது.

இச்சந்திப்பின் தன்மை கருதத்தக்கது. குடல் மருத்துவர் எவரும் தன்னுண்ணலைத் தேடிச் செல்லவில்லை. தன்னுண்ணல் ஆய்வாளர் எவரும் குடல் நோயை நோக்கி வரவில்லை. முன்கருதுகோள் இல்லாத எண்ணியல் ஒப்பீடே இரண்டையும் இணைத்தது. எனினும் அவ்வெண்களுக்குப் பொருள் தந்தவை ஈஸ்டில் நிகழ்ந்த பெயரிடலும் 2004-ஆம் ஆண்டின் தொற்று ஆய்வுகளுமே. பத்தாண்டுகளுக்கு முன் இதே மாறுபாடு கிடைத்திருப்பின், அது பணி அறியப்படாத ஒரு புரதத்தின் பெயராகவே நின்றிருக்கும்.

மாறுபாடு அமைந்த 300-ஆம் இடம் 150 அமினோ அமிலங்களே உடைய ஈஸ்ட் புரதத்தில் இல்லை. ஈஸ்ட் கற்பித்த அடிப்படைப் பணிக்கு அப்பால், விலங்குகளில் பின்னர்ச் சேர்ந்த பகுதியிலேயே நோய்க்குரிய மாற்றம் நிகழ்ந்துள்ளது. ஆகவே இம்மாறுபாடு தன்னுண்ணலை அடியோடு நிறுத்துவதில்லை. குறிப்பிட்ட சூழல்களில் மட்டும் தளர்த்துகிறது.

பனெத் உயிரணுவின் மறுவருகை

மரபணுவிலிருந்து திசுவை நோக்கிச் சென்ற ஆய்வு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஒரு கண்டுபிடிப்பை மீண்டும் முன்னுக்குக் கொணர்ந்தது. சிறுகுடலின் குழிகளின் அடியில் துகள்கள் நிறைந்த உயிரணுக்கள் இருப்பதை 1872-இல் குஸ்தாவ் ஷ்வால்பேயும், 1888-இல் ஜோசப் பனெத்தும் விவரித்திருந்தனர். பாக்டீரியாவைக் கொல்லும் லைசோசைம், டிஃபென்சின் முதலியவற்றைச் சுரப்பவை இவை.

வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் செயிண்ட் லூயிஸ் ஆய்வாளர்கள் 2008-இல் ஏடிஜி16எல்1 குறைந்த எலிகளை ஆராய்ந்தனர். பனெத் உயிரணுக்களின் துகள்கள் சீர்குலைந்திருந்தன. மாறுபாட்டை இரு படிகளிலும் பெற்ற குரோன் நோயாளிகளின் திசுவிலும் இதையொத்த குலைவு காணப்பட்டது. அதே ஆண்டில் ஷிசுவோ அகிராவின் குழு, ஏடிஜி16எல்1 அற்ற விழுங்கணுக்கள் பாக்டீரிய நச்சுக்கு எதிராக இன்டர்லூகின்-1பீட்டா என்னும் அழற்சிப் புரதத்தை மிகுதியாகச் சுரப்பதைக் காட்டியது. துப்புரவு குறைந்தால் அழற்சி மிகும் என்னும் இவ்விளக்கம் முந்தைய முரணை விடுவித்தது. குறைவு காரணம், மிகுதி அதன் விளைவு.

என்ஓடி2, ஏடிஜி16எல்1 ஆகிய இரண்டும் ஒரே பாதையில் சந்திப்பதை 2010-இல் இரு குழுக்கள் வெளியிட்டன. பாக்டீரியா உட்புகும் இடத்திற்கு என்ஓடி2 புரதமே ஏடிஜி16எல்1 புரதத்தை வரவழைக்கிறது என்பது அவற்றுள் ஒன்றின் முடிவு. எண்டோபிளாச வலையின் நெருக்கடியும் தன்னுண்ணல் குறைவும் சேரும்போது எலிகளின் சிறுகுடலில் குரோன் நோயை ஒத்த ஆழ்ந்த அழற்சி தோன்றுவதை 2013-ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. மாறுபட்ட ஏடிஜி16எல்1 புரதம் காஸ்பேஸ்-3 நொதியால் எளிதில் வெட்டப்படுகிறது என்பது 2014-இல் தெரிந்தது. நெருக்கடி வேளையில் அந்நொதி விழிப்படைவதால், தேவை மிகும் நேரத்திலேயே புரதம் குறைகிறது. இயல்பான சுரப்பு வழி பாக்டீரியாவால் தடைப்படும்போது தன்னுண்ணல் பைகளே லைசோசைமை வெளிக்கொணர்கின்றன என்பதைச் சுட்டிய 2017-ஆம் ஆண்டு ஆய்வு, உள்துப்புரவுப் பணியாளருக்கு வெளிக்காவல் பணியும் உண்டு எனக் காட்டியது.

மரபணுவும் சூழலும்

இவ்வரலாற்றின் மிகுந்த பயன்தரும் சான்று, எதிர்பார்த்தது நிகழாமையால் கிடைத்தது. செயிண்ட் லூயிஸ் எலிகளைக் கூடுதல் தூய்மையுடைய கூடத்தில் வளர்த்தபோது பனெத் உயிரணுக் குலைவு தோன்றவில்லை. மரபணுக் குறை அப்படியே இருந்தும் நோய்க்கூறு மறைந்தது. பழைய கூடத்தில் இருந்து புதிய கூடத்தில் இல்லாத எலி நோரோ வைரஸே அதற்குக் காரணம் என்பது 2010-இல் வெளியிடப்பட்டது. அவ்வைரஸைச் செலுத்தியபின் குலைவு மீண்டது. அவ்வெலிகளுக்குக் குடலைப் புண்படுத்தும் டெக்ஸ்ட்ரான் சல்பேட்டைக் கொடுத்தபோது குரோன் நோயை நினைவூட்டும் மாற்றங்கள் தோன்றின. குடல் பாக்டீரியாவை மருந்தால் குறைத்தபோது அவை தணிந்தன. மரபணு, வைரஸ், புண், பாக்டீரியா ஆகிய நான்கும் சேர்ந்தே நோய். ஒன்று மட்டும் நோயன்று.

மனிதரிடமும் இதுவே உண்மை. ஐரோப்பிய வம்சாவளியினருள் நலமாக வாழ்வோரிடமும் ஏடிஜி16எல்1 மரபணுவின் ஏறத்தாழ பாதிப் படிகளில் இம்மாறுபாடு உள்ளது. அவர்களுள் மிகப் பெரும்பாலோருக்கு நோய் வருவதில்லை. மாறுபாட்டை நோயின் குறியாகக் கொண்டு தனிமனிதருக்கு முன்கணிப்புச் சொல்ல இயலாது என்பது இதனால் பெறப்படும்.

மக்கள் வேறுபாடும் கருதத்தக்கது. ஐரோப்பியரிடம் அறியப்பட்ட மூன்று என்ஓடி2 மாறுபாடுகள் ஜப்பானிய நோயாளிகளிடம் இல்லை என்பது 2002-இலேயே வெளிவந்தது. ஏடிஜி16எல்1 மாறுபாட்டிற்கும் குரோன் நோய்க்கும் ஐரோப்பியரிடம் கண்ட தொடர்பு 2007-ஆம் ஆண்டின் ஜப்பானிய ஆய்வில் புலப்படவில்லை. தன்னுண்ணல் மரபணுக்கள் முதலில் கண்டறியப்பட்ட நாட்டிலேயே அம்மரபணுக்களின் வழியான விளக்கம் அப்படியே பொருந்தவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட முடிவும், இந்தியக் குரோன் நோயாளிகளிடம் வழக்கமான என்ஓடி2 மாறுபாடுகள் இல்லை என்பதே. காசநோய் பரவியுள்ள இந்தியாவில் குடற்காசநோயையும் குரோன் நோயையும் பிரித்தறிவது இன்றும் கடினம். ஒன்றுக்குரிய நோயெதிர்ப்பு அடக்கி மருந்து மற்றொன்றில் உயிருக்கே கேடு விளைக்கும். 1932-இல் நியூயார்க்கில் பிரிக்கப்பட்ட இரு நோய்களும் இங்கு மருத்துவரின் மேசையில் ஒவ்வொரு முறையும் புதிதாகப் பிரிக்கப்பட வேண்டியவையாக உள்ளன. ஐரோப்பிய மரபணு அட்டவணை இதற்குத் துணைசெய்யும் என எதிர்பார்ப்பதற்கு இடமில்லை.

மருத்துவத்தில் நின்ற எல்லை

தன்னுண்ணலைத் தூண்டினால் நோய் தணியுமா என்பது இயல்பாக எழும் வினா. தன்னுண்ணலைத் தடுத்து நிற்கும் எம்டார் புரதத்தை அடக்கும் சிரோலிமஸ் மருந்து, பிற மருந்துகளுக்கு இணங்காத ஒரு நோயாளிக்குப் பயன்பட்டதை 2008-இல் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் பதிவுசெய்தனர். ஆனால் அதே வகையைச் சார்ந்த எவெரோலிமஸ் மருந்தின் ஒப்பீட்டு ஆய்வு போதிய பயன் காட்டாமல் இடையில் நிறுத்தப்பட்டது. இவ்வகை மருந்துகள் தன்னுண்ணலைத் தூண்டுவதோடு நோயெதிர்ப்பையும் அடக்குபவை. ஆதலின் பயன் தோன்றினும் எதனால் தோன்றியது எனப் பிரித்துரைத்தல் அரிது.

மறுபுறம், அடக்குதல் ஒன்றே வழி என்னும் கொள்கையும் தடையைச் சந்தித்தது. இன்டர்லூகின்-17 புரதத்தைத் தடுக்கும் செகுகினுமாப் மருந்தின் ஆய்வு முடிவு 2012-இல் வெளிவந்தது. குரோன் நோயாளிகளுக்கு அது பயன்தராததோடு, வெற்று மருந்து பெற்றோரைவிட அதனைப் பெற்றோரின் நிலை தாழ்ந்திருந்தது. பூஞ்சைத் தொற்றும் மிகுந்தது. காவலின் ஒரு பகுதியை அகற்றுவது நோயை வளர்க்கக்கூடும் என்பதற்கு இது மருத்துவச் சான்றாக அமைந்தது.

முடிவுரை

1. தன்னுண்ணலுக்கும் குரோன் நோய்க்கும் உள்ள தொடர்பு மருத்துவ அனுபவத்தாலோ உயிரணு ஆய்வாலோ தனியே வெளிப்படவில்லை. 2007-இன் மரபணு ஒப்பீடுகள் அதனைச் சுட்டின. நோய் நோக்கம் ஏதுமின்றி ஈஸ்டில் நிகழ்ந்த அடிப்படை ஆய்வு அதற்குப் பொருள் தந்தது. அவ்வாய்வுக்காக ஓசுமி 2016-இல் நோபல் பரிசு பெற்றார்.

2. இத்தொடர்பால் நோய் பற்றிய கருத்து, நோயெதிர்ப்பின் மிகுதி என்பதிலிருந்து, நுண்ணுயிரிகளையும் கழிவையும் அகற்றும் ஆற்றலின் குறைவு என்பதை நோக்கி நகர்ந்தது. 1913-இல் டால்சியல் எழுப்பிய நுண்ணுயிரி ஐயம் புதிய வடிவில் திரும்பியது. ஒரு குறிப்பிட்ட கிருமியைத் தேடுவதற்குப் பதில், எக்கிருமியையும் கையாளும் உயிரணுவின் திறன் ஆராயப்பட்டது.

3. மாறுபாடு நலமுடையோரிடமும் பரவலாக இருத்தல், அது சூழலைச் சார்ந்தே செயற்படுதல், மக்கள் குழுக்களுக்கிடையே தொடர்பு வேறுபடுதல் ஆகிய மூன்றும் மரபணுவை ஊழாகக் கொள்ளும் போக்கை மறுக்கின்றன.

4. விளக்கம் மாறிய அளவுக்கு மருத்துவம் மாறவில்லை. நோயாளி பெறும் மருந்துகளுள் பெரும்பாலானவை இன்றும் அழற்சியை அடக்குபவையே. காரணத்தை அறிதலும் நோயைத் தீர்த்தலும் வெவ்வேறு கால அளவில் நிகழ்பவை. இந்திய நோயாளிகளைப் பொறுத்தவரை, காசநோயும் குரோன் நோயும் அருகருகே நிலவும் இச்சூழலிலேயே தன்னுண்ணலின் பங்கு தனியாக ஆராயப்பட வேண்டும். இரு நோய்களிலும் உயிரணு செய்யும் துப்புரவுப் பணி ஒன்றே ஆதலின், அவ்வாய்வு இரண்டுக்கும் ஒருங்கே பயன்தரக்கூடும்.